துண்டுக்குள் ஒரு பாஷை; திண்ணையில் ஒரு பாஷை!

மாட்டுச் சந்தையிலே ஒரு ஜோடிக் காளைகளுக்குப் பேரம் நடக்கிறது. பொள்ளாச்சியாக இருக்கலாம், காங்கேயத்துக்கு அருகே கண்ணபுரம் தேர்த் திருவிழாச் சந்தையாகவும் இருக்கலாம். சுற்றிலும் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். விலை மட்டும் யார் காதிலும் விழவில்லை. தரகர் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்கிறார். வாங்க வந்தவர் அந்தத் துண்டுக்குள் தம் கையை நுழைக்கிறார். உள்ளே விரலை விரல் பிடிக்கிறது, விடுகிறது, இரண்டு விரல்களைச் சேர்த்து அழுத்துகிறது. இன்ன விரலுக்கு இன்ன தொகை என்பது இருவருக்கும் தெரியும். நூறா, ஆயிரமா என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. மாட்டைப் பார்த்தாலே அது விளங்கிவிடும்.

வெளியே வாய் சும்மா இருக்கிறதா என்றால், அதுதான் இல்லை.

"என்னுங்க, இப்படிக் கொறச்சுக் கேட்டா எப்படீங்க? காளையோட திமிலப் பாருங்க!"

"பாத்துட்டுத்தானுங்க கையக் குடுத்திருக்கேன்!"

ஆக, ஒரே நேரத்தில் அங்கே இரண்டு பாஷைகள் நடக்கின்றன. துண்டுக்குள் நடப்பது மனிதர் கூடிப் பேசி ஏற்படுத்திக்கொண்டது. துண்டுக்கு வெளியே நடப்பது யாரும் உட்கார்ந்து ஏற்படுத்தாதது. முதலாவதைச் செயற்கை மொழி என்றும், இரண்டாவதை இயற்கை மொழி என்றும் மொழி நூலார் பிரிப்பார்கள். படித்தவர்கள் புத்தகத்தில் தேடுகிற இந்த வேறுபாடு, கொங்கு நாட்டுச் சந்தையில் ஒரு முழத் துண்டின் இரண்டு பக்கங்களிலும் கிடக்கிறது.

துண்டுக்குள் பேசும் பாஷையில் பொய்யான விலை சொல்லலாம். ஆனால், "இந்தக் காளையின் தாய் எங்கள் கட்டுத்தரையில் பதினைந்து வருஷம் இருந்தது" என்று சொல்ல முடியாது. விற்றவர் கண் கலங்கினால் அவரைத் தேற்ற முடியாது. பேரம் படிந்து துண்டு தோளுக்குப் போனவுடன் அந்தப் பாஷையின் வேலை தீர்ந்தது. அதன் பிறகு இருவரும் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிறார்களே, அதற்குக் கொங்கு நாட்டில் 'பழமை பேசுதல்' என்று பெயர். மற்ற ஜில்லாக்காரர்களுக்குப் பழமை என்றால் பழைய காலம். கோவைப் பக்கத்தில் பழமை என்றால் பேச்சு. இந்த மாற்றத்தை யார் செய்தார்கள், எந்தச் சபை கூடித் தீர்மானித்தது என்று கேட்டால் பதில் கிடையாது. இயற்கை மொழிக்கு முதல் அடையாளமே இதுதான்: அதற்கு உடைமையாளர் இல்லை.

தறியின் தலைமேல் ஒரு மொழி

மேட்டுப்பாளையத்துக்கு அருகே, பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது சிறுமுகை. பட்டுப் புடவைக்குப் பேர் போன ஊர். அங்கே தேவாங்கர் வீடுகள் பலவற்றில் அடுப்படிப் பேச்சு கன்னடம். தெருப் பேச்சு தமிழ். ஆனால் அந்த வீட்டுத் தறிக்கு இரண்டும் தெரியாது. அதற்கு வேறொரு மொழி வேண்டும்.

தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருக்கிறது. அதிலிருந்து, கயிற்றால் கோத்த அட்டைகள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. ஒவ்வோர் அட்டையிலும் வரிசையாக ஓட்டைகள். நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை வந்து ஊசிகளின்மேல் பதிகிறது. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துகொள்ளும். அதைச் சேர்ந்த கொக்கி மேலே போகும். கொக்கியில் கட்டிய பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். எழுந்த இழைகளுக்கும் கிடந்த இழைகளுக்கும் நடுவே ஊடை ஓடுகிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. மறுபடி மிதி, மறுபடி அட்டை. இப்படியே மாங்காயும் மயிலும் துணியில் பிறக்கின்றன.

இந்த அட்டையின் மொழியில் மொத்தம் இரண்டே சொற்கள்: ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1804-ல் ஜக்கார்டு என்பவர் இந்தத் தறியை உருவாக்கினார். 1839-ல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு வேண்டியிருந்த அட்டைகள் சுமார் 24,000! அந்தப் பட்டுப் படம் ஒன்றை இங்கிலாந்துக் கணித மேதை சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். துணிக்குப் பதில் கணக்கை நெய்ய இதே அட்டைகளைப் பயன்படுத்தலாமே என்று தோன்றியது அவருக்கு. 1843-ல் ஆடா லவ்லேஸ் சீமாட்டி அந்தக் கணக்கு யந்திரத்தைப் பற்றி எழுதியபோது ஜக்கார்டு தறியைத்தான் உவமை காட்டினார். 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கும் ஓட்டை போட்ட அட்டைகளால்தான் எண்ணப்பட்டது. இன்று சரவணம்பட்டிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் முன்னே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும், சிறுமுகைத் தறிக்கு அட்டை குத்துகிறவரும் ஒரே தொழில் வம்சத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொன்னால் இரு தரப்பாரும் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

இந்த மொழியில் ஒரு கண்டிப்பு உண்டு. ஓட்டை ஒன்று தவறி விழுந்துவிட்டால், தறி அதைத் திருத்திக்கொள்ளாது. 'குத்தினவர் இதைத்தான் நினைத்திருப்பார்' என்று ஊகிக்கவும் ஊகிக்காது. அட்டை மாலை சுற்றி வரும்போதெல்லாம், ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் அதே பிழை. மனிதர் பேச்சில் அப்படியா? பல்லில்லாத பாட்டி பாதி வார்த்தையை விழுங்கிச் சொன்னாலும் பேரன் ஓடிப்போய்ச் சரியான சாமானைத்தான் எடுத்து வருகிறான்.

திருடன் ஒருவனா, பலரா?

கொங்குத் தமிழ் என்றவுடன் யாருக்கும் நினைவு வருவது அந்த 'ங்க'தான். சினிமாவில் அதைக் கேலிக்கு மட்டும் பயன்படுத்திக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது மொழி நூலார் வியக்கவேண்டிய விஷயம்.

"நாய் வந்துச்சுங்க" என்கிறார் ஒருவர். நாய்க்கா மரியாதை? இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மரியாதை. யாரைப் பற்றிப் பேச்சோ அவரை விட்டுவிட்டு, யாரிடம் பேச்சோ அவருக்கு வாக்கியத்தின் வாலில் ஒரு கும்பிடு! 'ஆமாங்க', 'இல்லீங்க', 'ஏனுங்க', 'அப்படீங்களா' என்று எந்தச் சொல்லின் பின்னாலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். கேட்பவர் வயதில் சிறியவரானால் அதே வாக்கியத்தில் 'ங்க' காணாமல் போகும். கோபம் வந்தாலும் போகும். கணவன் மனைவி சண்டையில் 'ங்க' எந்த இடத்தில் விழுகிறது என்று கவனித்தால், யார் இறங்கி வருகிறார் என்று அடுத்த வீட்டுக்காரர்கூடச் சொல்லிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. "திருடன் ஓடிட்டானுங்க" என்று ஒரு கோபிசெட்டிபாளையத்து விவசாயி சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஜில்லாவிலிருந்து புதிதாக வந்த போலீஸ்காரர் காதில் அது 'பல பேர் ஓடிவிட்டார்கள்' என்று விழும். அவர் ஊரில் 'ஓடிட்டானுங்க' என்பது பன்மை. கோபியில் திருடன் ஒருவனே, 'ங்க' போலீஸ்காரருக்கு! ஒரே சொல், இரண்டு பொருள். அட்டையில் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் துணி பாழ். பேச்சிலோ, "எத்தனை பேருப்பா?" என்று ஒரு கேள்வி, "ஒருத்தன்தானுங்க" என்று ஒரு பதில், சந்தேகம் தீர்ந்தது. தன்னில் ஏற்படும் கிழிசலைத் தானே தைத்துக்கொள்ளும் துணி இது.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழிகளில் இந்தத் தையல் வேலை கிடையாது. அவை பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்துக் கட்டப்பட்டவை. தமிழ்ச் சொற்களை வைத்தே அப்படி ஒரு மொழி செய்தால் என்ன என்று முத்து அண்ணாமலை என்ற தமிழர் முனைந்து 'எழில்' என்ற மொழியை உருவாக்கினார். அதில் 'பதிப்பி' என்று எழுதினால் யந்திரம் எழுத்தைத் திரையில் காட்டும். 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்பவையும் அதில் கட்டளைச் சொற்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல உபகாரம். ஆனாலும் எழில் தமிழாகிவிடுமா? மரியாதை கருதி ஒரு கோவைப் பையன் 'பதிப்பிங்க' என்று எழுதினால் யந்திரம் மறுத்துவிடும். 'ஆனால்' என்பதை 'ஆனா' என்று சுருக்கினாலும் மறுத்துவிடும். சட்டை தமிழ்ச் சட்டை. உள்ளே இருப்பது ஜக்கார்டு அட்டைதான்.

பியாலிஸ்டாக்கும் கோயம்புத்தூரும்

யந்திரத்தோடு பேச மட்டுமா மொழி செய்தார்கள்? மனிதரோடு மனிதர் பேசவும் செய்தார்கள். அவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் சாமென்ஹாப்.

1859-ல் பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தவர். அன்று ரஷ்ய சாம்ராஜ்யத்தில் இருந்த அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. தெருவுக்கு ஒரு பாஷை: யூதர்களின் இத்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. பொது மொழி ஒன்று இருந்தால் இந்தப் பகை தீரும் என்று சிறு வயதிலேயே அவருக்குத் தோன்றியது. கண் மருத்துவரான பின், 1887-ல் வார்ஸாவில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதில் போட்டுக்கொண்ட புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராந்தோ'. நம்பிக்கையுள்ளவர் என்று பொருள். பெயர் மொழிக்கே ஒட்டிக்கொண்டது.

பதினாறே இலக்கண விதிகள். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும். விதிவிலக்கு என்ற பேச்சே இல்லை. 'போனா' என்றால் நல்லது. அதன் முன் 'மல்' சேர்த்து 'மல்போனா' என்றால் கெட்டது. (நம் ஊர்க் காதுக்குப் 'போனா' வேறு பொருள் தரும்; அது கிடக்கட்டும்.) 1905-ல் பிரான்ஸில் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடி, அடிப்படை விதிகளை யாரும் மாற்றலாகாது என்று முடிவு கட்டியது. அதற்குக் காரணம் இருந்தது. ஸ்லையர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே வோலாபுக் என்று ஒரு மொழி செய்திருந்தார். அதைத் திருத்தும் உரிமை தமக்கே என்று அவர் பிடிவாதம் பிடிக்க, சீடர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, மொழி நொடித்துப் போயிற்று. உடைமையாளர் இருந்தால் இந்தத் தொல்லையும் இருக்கத்தான் செய்யும்.

சாமென்ஹாபின் மொழி அப்படி நொடித்துப் போகவில்லை. பகை தீர்க்கும் மருந்தாக அது பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். அவருடைய மகன் ஆடமும் மகள்கள் இருவரும் ஹிட்லர் ஆட்களின் கையில் மாண்டார்கள். ஆனால் மொழியைப் பேசியவர்கள் விடாமல் பேசினார்கள், கடிதம் எழுதினார்கள், கல்யாணம்கூடச் செய்துகொண்டார்கள். அந்த வீடுகளில் பிறந்த குழந்தைகள் சிலர் தொட்டிலிலேயே எஸ்பெராந்தோ கற்றார்கள். புதுச் சொற்கள் வந்தன; வேடிக்கைப் பேச்சும் வந்தது. செய்த மொழி, மெல்ல மெல்ல, வளர்ந்த மொழியின் குணங்களைப் பெறத் தொடங்கிற்று. இயற்கைக்கும் செயற்கைக்கும் இடையே உள்ள வரப்பு, மண் வரப்புதான் போலும்.

கோயம்புத்தூர்க் கடைவீதி ஒரு வகையில் பியாலிஸ்டாக்கைப் போன்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே வீதியில் நடமாடும். இங்கே புதிய பொது மொழியை யாரும் செய்யவில்லை. வீட்டுக்குள் அவரவர் பாஷை. வாசற்படி தாண்டினால் 'ங்க' போட்ட தமிழ். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் வாயில் வரும் கொங்குத் தமிழைக் கேட்டு அவர் வீட்டு மொழியைக் கண்டுபிடிக்க வெளியூர்க்காரரால் முடியாது. சந்தைக்குப் போய், சீட்டுக் கட்டி, ஒரே மில்லில் ஷிப்ட் பார்த்து உண்டான ஏற்பாடு இது.

சினிமாவுக்கென்று மொழி செய்த கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 2015-ல் வந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசுகிறார்களே, அந்தக் 'கிலிக்கி'யை மதன் கார்க்கி அமைத்தார். ஏறக்குறைய 750 சொற்கள். 40 இலக்கண விதிகள். ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில், தாம் பார்த்துக்கொண்ட குழந்தைகளுக்காக விளையாட்டாய் ஆரம்பித்ததே அதன் வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். குழந்தைகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே 'க' போட்டு 'கநீ கவா' என்று பெரியவர்களுக்குப் புரியாமல் பேசாத தமிழ்க் குழந்தை உண்டா? ஆனால் 'க' பாஷைக்கு உயிர் கொடுப்பது தமிழ். தமிழை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் 'க'!

மொழி செய்வதிலே குழந்தைகள் காட்டிய உண்மையான வல்லமையை அறிய நிகராகுவா என்ற மத்திய அமெரிக்க நாட்டுக்குப் போகவேண்டும். தலைநகர் மனாகுவாவில் 1977-ல் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்று திறந்தார்கள். உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரைகுறைச் சைகைகள் ஒன்று கலந்தன. பின்னால் வந்து சேர்ந்த சிறு குழந்தைகள் அவற்றை எடுத்து, இலக்கணத்தோடு கூடிய முழு மொழியாகவே ஆக்கிவிட்டார்கள். ஆசிரியர்கள் யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. 1986-ல் அமெரிக்க மொழி அறிஞர்கள் வந்து பார்த்துத் திகைத்துப் போனார்கள். சந்தைத் துண்டுக்குள்ளும் விரல்கள்தாம், மனாகுவாவிலும் விரல்கள்தாம். ஆனால் மனாகுவாப் பிள்ளைகள் தங்கள் விரல்களால் கதை சொன்னார்கள், சண்டை போட்டார்கள், நேற்றைய கனவைச் சொன்னார்கள்.

பரணில் கிடக்கும் அட்டையும் பரணில் வைக்க முடியாத சொல்லும்

செயற்கை மொழிக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. சிறுமுகையில் பழைய டிசைன் அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டு வைக்கலாம். ஐம்பது வருஷம் கழித்து யாராவது எடுத்துத் தூசி தட்டித் தறியில் ஏற்றினால், கறையானும் ஈரமும் விட்டு வைத்திருந்தால், பழைய மயில் அப்படியே தோகை விரிக்கும். நெய்தவர் உயிரோடு இருக்கவேண்டும் என்பதில்லை.

சொல்லுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

ஒரு காலத்தில் கொங்கு நாட்டுக் கிணறுகளில் எல்லாம் கவலை ஓடியது. காளைகள் சரிவில் இறங்கும். சால் நிறைந்து மேலே வரும். தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். சால், தும்பி, வடம், வால்கயிறு என்று அந்த ஒரு வேலைக்கே ஒரு சிறு அகராதி இருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு வந்தது. மோட்டார் பம்புகள் வந்தன. கோவையே பம்பு செய்யும் ஊராயிற்று, காளைகளுக்கு விடுதலை, விவசாயிக்கும் நல்ல காலம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கவலை நின்றதும் அதைச் சுற்றியிருந்த சொற்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இன்று ஒரு பட்டதாரிப் பையனிடம் 'கவலை' என்றால் மனக்கவலை என்றுதான் நினைத்துக்கொள்வான். இருபுறமும் வேலியிட்ட ஒற்றையடி வண்டித்தடத்துக்கு 'இட்டேரி' என்று பெயர். இட்டேரிகள் தார் ரோடாகிவிட்டன. சொல் எங்கே போய் நிற்கும்?

ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் வெளியான 'நாகம்மாள்' நாவலில் கொங்கு விவசாயிகளை அவர்கள் பேச்சிலேயே பேசவைத்தார். வட்டாரப் பேச்சைக் கதையில் எழுதலாமா என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்த காலம் அது. 2000-ஆம் ஆண்டில் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். எழுத்தாளர் ஒருவர் தம் ஊர்ச் சொற்களை இப்படித் தாமே உட்கார்ந்து பொறுக்கிச் சேர்த்தது பெரிய காரியம். ஆனால் கொங்கு மண்ணில் ஒலிக்கும் மொழி தமிழ் மட்டுமா? கோவை மலையடிவாரங்களிலும் நீலகிரிச் சரிவுகளிலும் இருளர் பேசும் மொழியை நெடுங்காலம் கொச்சைத் தமிழ் என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது தனக்கென்று தனி இலக்கணம் உடைய மொழி என்று ஆராய்ந்து 1973-ல் நூல் எழுதியவர் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த கமில் சுவெலபில். பக்கத்திலேயே இருந்தவர்கள் காதில் விழாதது, கடல் கடந்து வந்தவர் காதில் விழுந்தது.

நூலில் ஏறிய சொல்லை நூலகத்தில் தேடி எடுக்கலாம். அது வாயில் இருக்கிறதா என்பதை வீட்டில்தான் பார்க்கவேண்டும். கொங்கு நாட்டில் அப்பாவின் அப்பா 'அப்பாரு'. அம்மாவின் அப்பா 'அப்புச்சி'. கல்யாண வீட்டில் நூறு கிழவர்கள் இருந்தாலும், குழந்தை கூப்பிடும் சொல்லை வைத்தே எந்த வழிச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். இப்போது பட்டணத்து வீடுகளில் இருவருக்கும் ஒரே பெயராகிவிட்டது. பேத்தியின் பிறந்த நாளுக்கு இருவரும் வந்து ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை உள்ளேயிருந்து ஓடி வந்து, "தாத்தா!" என்று கூப்பிடுகிறது.

இருவரும் ஒரே சமயத்தில், "என்ன சாமி?" என்கிறார்கள்.